தட்டில் செத்த செல் தலைக்குள் சாகுமா?

“மஞ்சளில் உள்ள குர்குமின் மூளைப் புற்றுநோயின் ஸ்டெம் செல்களை அழிக்கிறது.” மஞ்சள் இருக்கும் இடத்தில் பச்சைத் தேயிலை, ப்ரோக்கோலி, அமுக்கரா (அஸ்வகந்தா) என்று எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். இப்படி ஒரு செய்தி அடிக்கடி வந்துவிடுகிறது. பெரும்பாலும் அது பொய்ச் செய்தியும் இல்லை. எங்கோ ஓர் ஆய்வகத்தில், ஒரு பிளாஸ்டிக் தட்டில், அந்தப் பொருள் அந்தச் செல்களை உண்மையாகவே கொன்றிருக்கும். அதே செல் ஒருவரின் மண்டைக்குள் இருக்கும்போது சாகுமா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மிக நல்ல பொருட்கள்கூடக் காணாமல் போகின்றன.

முதலில் நோயைப் பார்த்துவிடலாம். மூளையிலேயே தோன்றும் புற்றுகளில் பெரியவர்களிடம் அதிகம் காணப்படுவது கிளையோபிளாஸ்டோமா. கண்ணுக்குத் தெரிகிற கட்டியையெல்லாம் நியூரோசர்ஜன் எடுத்துவிடுவார். ஸ்கேனும் சுத்தமாக வரும். பிறகு ஆறு வாரம் கதிர்வீச்சு, கூடவே தினமும் டெமோசோலமைடு மாத்திரை. அது முடிந்ததும் மாதம் ஐந்து நாள் வீதம் ஆறு சுற்று அதே மாத்திரை. இத்தனைக்குப் பிறகும் கட்டி திரும்புகிறது. பெரும்பாலும் வெட்டிய குழியின் ஓரத்திலேயே, இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள்.

இந்தச் சிகிச்சை முறை வழக்கத்துக்கு வந்தது 2005-ல். ரோஜர் ஸ்டுப் தலைமையில் ஐரோப்பாவிலும் கனடாவிலும் 573 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு அதற்கு அடிப்படை. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், 12.1 மாதம்; மாத்திரையும் சேர்ந்தால் 14.6 மாதம். இரண்டரை மாத வித்தியாசம்தானா என்று கேட்கலாம். இரண்டு ஆண்டுகள் தாண்டியவர்களின் விகிதம் 10.4 சதவீதத்திலிருந்து 26.5 ஆக உயர்ந்தது என்பதுதான் மருத்துவர்களுக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. அதன் பிறகு இருபது ஆண்டுகளில் எத்தனையோ புது மருந்துகள் பரிசோதனைக்கு வந்து தோற்றுப்போயின. நோயாளியின் வீட்டார் மஞ்சள் மாத்திரையையும் கஞ்சா எண்ணெயையும் தேடி இணையத்தில் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பதை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. கையில் உள்ள மருந்து இவ்வளவுதான் என்றால் யார்தான் தேடமாட்டார்கள்?

கட்டி ஏன் திரும்புகிறது என்பதற்குப் பழைய பதில் ஒன்று உண்டு: அதன் செல்கள் எல்லை கட்டிக்கொண்டு ஓரிடத்தில் இருப்பதில்லை, ஸ்கேனில் தெரியாத தூரம்வரை நல்ல மூளைத் திசுவுக்குள் ஊர்ந்து போயிருக்கும். இன்னொரு பதில் கனடாவின் டொராண்டோவிலிருந்து வந்தது. அங்கே ஜான் டிக்கின் குழு 1990-களில் இரத்தப் புற்றுநோயில் ஒன்றைக் காட்டியது. புற்றுசெல்கள் எல்லாம் ஒரே தரமல்ல. மிகச் சிலவற்றுக்குத்தான் நோயை மறுபடி முதலிலிருந்து உருவாக்கும் சக்தி இருக்கிறது. அதே நகரத்தின் குழந்தைகள் மருத்துவமனையில் ஷீலா சிங்கும் பீட்டர் டர்க்ஸும் இதை மூளைக் கட்டிகளில் சோதித்துப் பார்த்தார்கள். செல்லின் மேற்பரப்பில் சிடி133 என்ற புரதம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துக் கட்டியின் செல்களை இரண்டாகப் பிரித்தார்கள். நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாத எலிகளின் மூளையில் தனித்தனியே செலுத்தினார்கள். அந்தப் புரதம் உள்ள வெறும் நூறு செல்கள் எலிக்குள் மனிதக் கட்டியையே மீண்டும் வளர்த்தன. புரதம் இல்லாத செல்களை ஒரு லட்சம்வரை செலுத்தியும் கட்டி வரவில்லை. 2004-ல் வெளியான இந்த முடிவுதான் ‘மூளைப் புற்றின் ஸ்டெம் செல்’ என்ற கருத்தை நிலைநிறுத்தியது. அறுகம்புல்லை மேலோடு செதுக்கிவிட்டு வேரை விட்டுவைத்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும் நடக்கிறது என்று பலரும் சொல்லத் தொடங்கினார்கள்.

அடுத்தடுத்து வந்த முடிவுகளும் அந்தப் பக்கமே சாய்ந்தன. 2006-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜெரமி ரிச்சின் குழு இந்தச் செல்கள் கதிர்வீச்சில் ஏன் சாவதில்லை என்பதைக் காட்டியது: டிஎன்ஏ உடைந்ததும் பிரிவதை நிறுத்திவிட்டு, பழுதைச் சரிசெய்துகொண்டு, பிறகு தொடரும் திறமை மற்ற செல்களைவிட இவற்றுக்கு அதிகம். 2012-ல் லூயிஸ் பராடாவின் குழு எலியில் இன்னொன்றைக் கண்டது. டெமோசோலமைடு கொடுத்தால் வேகமாகப் பிரியும் செல்கள் சாகின்றன. மருந்தை நிறுத்தியதும் அதுவரை சோம்பிக் கிடந்த ஒரு சிறு கூட்டம் விழித்துக்கொண்டு கட்டியை மறுபடி நிரப்புகிறது. அப்படியானால் இந்தச் சிறு கூட்டத்தை மட்டும் குறிவைத்துக் கொல்ல ஒரு பொருள் கிடைத்தால் போதுமே என்ற வேட்டை தொடங்கியது.

வேட்டைக்குத் தாவரங்களைத் தேடிப் போனதில் வியப்பில்லை. புற்றுநோய் மருந்துகளில் பல செடியிலிருந்து வந்தவை. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1960 முதல் 1982 வரை சுமார் 35,000 தாவர மாதிரிகளிலிருந்து 1,14,000 சாறுகள் எடுத்துச் சோதித்தது. பேக்லிடாக்சலும் கேம்ப்டோதெசினும் அந்தத் திட்டத்தில் கிடைத்தவைதான். எத்தனை ஆயிரம் சாறுக்கு எத்தனை மருந்து என்ற கணக்கை மனதில் வைத்துக்கொண்டால், பின்னால் சொல்லப்போவது அவ்வளவு ஏமாற்றமாக இருக்காது.

இன்று ஆய்வுக் கட்டுரைகளில் அடிபடும் பெயர்கள் நமக்குப் பழக்கமானவை. மஞ்சளின் குர்குமின், திராட்சைத் தோலின் ரெஸ்வெரட்ரால், பச்சைத் தேயிலையின் ஈஜிசிஜி, ப்ரோக்கோலியின் சல்ஃபோராஃபேன், மரமஞ்சளின் பெர்பெரின், அமுக்கராக் கிழங்கின் வித்தாஃபெரின், சித்திரமூல வேரின் பிளம்பாஜின். சோதனை ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிதான் நடக்கும். அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டித் துண்டைச் செல் செல்லாகப் பிரித்து, சீரம் சேர்க்காமல், இரண்டு வளர்ச்சிப் புரதங்கள் மட்டும் கலந்த திரவத்தில் மிதக்கவிடுவார்கள். சாதாரணச் செல்கள் அதில் மடிந்துபோகும். ஸ்டெம் செல் தன்மை உள்ளவை பிரிந்து பிரிந்து சிறு உருண்டைகளாகத் திரளும். அந்தத் திரவத்தில் குர்குமினைக் கலந்தால் உருண்டைகள் குறைகின்றன, சிறுக்கின்றன, சிடி133, சாக்ஸ்2 போன்ற ஸ்டெம் செல் அடையாளப் புரதங்கள் மங்குகின்றன. முடிவு: ஸ்டெம் செல் ஒடுக்கப்பட்டது. கட்டுரை தயார், செய்தியும் தயார்.

இதிலேயே இரண்டு ஓட்டைகள். எல்லா ஆய்வகத்துக்கும் நோயாளியின் புதிய கட்டித் துண்டு கிடைப்பதில்லை. பலரும் பயன்படுத்துவது கடையில் வாங்குவதுபோல வாங்கக்கூடிய யு87 என்ற பழைய செல் வரிசையை. சுவீடனின் உப்சாலாவில் 1960-களில் ஒரு நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்து வளர்க்கப்பட்டது என்று அதற்கு ஒரு பிறப்புச் சான்று உண்டு. 2016-ல் அதே உப்சாலா ஆய்வாளர்கள் தாங்கள் பாதுகாத்து வைத்திருந்த மூலத் திசுவோடு டிஎன்ஏ-வை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உலகமெங்கும் விநியோகமாகும் யு87 அந்த நோயாளியுடையதே இல்லை. அதுவும் மூளைக் கட்டியிலிருந்தே வந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. யாருடையது என்பதுதான் தெரியவில்லை. பல பத்தாண்டுகளாகத் தட்டிலேயே வளர்ந்து, தட்டுக்கே பழகிப்போன ஒரு செல்லைக் கொன்றுவிட்டு, நோயைப் பற்றி எவ்வளவு பேசலாம்?

இரண்டாவது ஓட்டை குர்குமினின் சுபாவத்தில் இருக்கிறது. அது இயல்பிலேயே ஒளிரும் பொருள். ஒளியை அளந்து முடிவு சொல்லும் சோதனைகளில் அதன் சொந்த ஒளியே குறுக்கே வரும். கண்ட புரதத்தோடும் ஒட்டும், உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும், சவ்வுகளைக் கலைக்கும். எதைச் சோதித்தாலும் ‘வேலை செய்கிறது’ என்று காட்டும் இப்படிப்பட்ட மூலக்கூறுகளுக்கு மருந்து வேதியியலில் தனிப் பட்டியலே வைத்திருக்கிறார்கள். உடம்பின் காரத் தன்மையுள்ள வெறும் கரைசலில், 37 டிகிரி வெப்பத்தில், அரை மணி நேரத்துக்குள் அதில் பத்தில் ஒன்பது பங்கு சிதைந்துவிடுகிறது. 2017-ல் அமெரிக்க மருந்து வேதியியலாளர்கள் சிலர் சேர்ந்து குர்குமினைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் அலசினார்கள். எல்லா நோய்களையும் சேர்த்து 120-க்கும் மேற்பட்ட மனிதப் பரிசோதனைகள் நடந்திருந்தும், போலி மாத்திரையோடு ஒப்பிட்டு, யாருக்கு எது என்று மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரியாமல் நடத்தியவற்றில் ஒன்றுகூட வெற்றி பெறவில்லை என்று எழுதினார்கள். மஞ்சள் நம் ஊர்ப் பொருள் என்பதால் இதைப் படிக்கச் சற்று வலிக்கத்தான் செய்யும்.

கால் கிலோ மஞ்சள் பொடி

அளவுக் கணக்கைத்தான் செய்திகள் ஒருபோதும் சொல்வதில்லை. எனக்குத் தெரிந்து முழு விஷயமும் அதில்தான் இருக்கிறது. தட்டில் ஸ்டெம் செல்களைக் கொல்ல வழக்கமாக 10 முதல் 20 மைக்ரோமோலார் (திரவத்தில் ஒரு பொருள் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்று சொல்லும் அலகு) செறிவில் குர்குமின் ஊற்றுகிறார்கள். சமையல் மஞ்சள் பொடியில் குர்குமின் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பங்கு. தைவானில் 2001-ல் வெளியான ஓர் ஆய்வில் நோயாளிகளுக்கு நாளுக்கு 8 கிராம் சுத்தக் குர்குமின்வரை கொடுத்துப் பார்த்தார்கள். 8 கிராமுக்குக் கால் கிலோவுக்கும் மேல் மஞ்சள் பொடி வேண்டும். அத்தனை விழுங்கியும் இரத்தத்தில் அதன் உச்ச அளவு சராசரியாக 1.8 மைக்ரோமோலாரைத் தாண்டவில்லை. குடல் அதை உள்ளே விடுவதில்லை. விட்டதையும் ஈரல் உடனே மாற்றி வெளியே அனுப்பிவிடுகிறது.

இது இரத்தத்தில். மூளைக் கட்டிக்குள்? அதையும் நேரடியாக அளந்திருக்கிறார்கள். 2016-ல் ஜெர்மனியில், அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த கிளையோபிளாஸ்டோமா நோயாளிகளுக்கு, சாதாரணக் குர்குமினைவிடப் பல மடங்கு எளிதாக உடம்பில் சேரும்படி நுண்துளிகளில் கரைத்த குர்குமினை நான்கு நாள், தினம் மூன்று வேளை கொடுத்தார்கள். பிறகு வெட்டியெடுத்த கட்டியில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்தார்கள். ஒரு மில்லிகிராம் திசுவில் சராசரியாக 56 பிகோகிராம். மைக்ரோமோலாராக மாற்றினால் சுமார் 0.15. தட்டில் ஊற்றியதில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. குர்குமின் கட்டிவரை போய்ச் சேர்ந்தது என்பதே ஒரு சாதனைதான், அந்த ஆய்வை நான் மதிக்கிறேன். ஆனால் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதைதான்.

ரெஸ்வெரட்ராலுக்கும் பச்சைத் தேயிலைக்கும் ஏறக்குறைய இதே கதை என்பதால் அவற்றைத் தனித்தனியே விரிக்கவில்லை.

ஒற்றைக் கண் ஆட்டுக்குட்டி

அப்படியானால் எந்தத் தாவரப் பொருளும் முழுத் தூரம் போனதில்லையா? ஒன்று போயிருக்கிறது. சரியாகச் சொன்னால் அதன் வாரிசு போயிருக்கிறது. அது எங்கே போய் நின்றது என்பதையும் பார்க்க வேண்டும்.

1950-களில் அமெரிக்காவின் ஐடஹோ மாநில மலைமேய்ச்சல் நிலங்களில் செம்மறிகள் முகம் கோணிய குட்டிகளை ஈன்றன. சில குட்டிகளுக்கு நெற்றி நடுவே ஒற்றைக் கண். மூளை இரண்டு பாதியாகப் பிரிந்திருக்கவே இல்லை. வேளாண் துறை விஞ்ஞானிகள் 1957-ல் விசாரிக்கத் தொடங்கினார்கள். முதலில் பரம்பரைக் கோளாறு என்று சந்தேகம். கடைசியில் காரணம் அங்கே விளையும் வெராட்ரம் என்ற காட்டுச் செடி என்று தெரிந்தது. சினையான ஆடு பதினான்காம் நாளை ஒட்டி அதை மேய்ந்தால் குட்டிக்கு இந்தக் கதி. செடியிலிருந்து குற்றவாளி மூலக்கூறைப் பிரித்தெடுக்கவும் சேர்த்து ஏறத்தாழ பதினோரு ஆண்டுகள் பிடித்தன. கிரேக்கக் கதைகளின் ஒற்றைக் கண் அரக்கன் சைக்ளோப்ஸின் பெயரால் அதற்கு சைக்ளோபமைன் என்று பெயர் வைத்தார்கள். மேய்ப்பவர்களுக்குச் சினைக்காலத்தில் அந்தப் புல்வெளிக்கு மந்தையை ஓட்டாதீர்கள் என்று சொன்னதோடு விஷயம் முடிந்தது. மூலக்கூறு முப்பது ஆண்டுகள் அலமாரியில் கிடந்தது.

வேறொரு மூலையில், பழ ஈக்களை வைத்துக் கரு வளர்ச்சியைப் படித்துக்கொண்டிருந்த கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷாஸும் 1980-ல் ‘ஹெட்ஜ்ஹாக்’ என்ற மரபணுவை விவரித்தார்கள். கருவில் எது இடம், எது வலம், எது மூளையாக வேண்டும் என்ற கட்டளைகளை எடுத்துச் செல்லும் சமிக்ஞைப் பாதை அது. பாலூட்டிகளில் அதன் ஒரு வடிவத்துக்கு சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்று ஒரு வீடியோ கேம் நாயகனின் பெயரையே வைத்துவிட்டார்கள். இந்த மரபணுவை நீக்கிய எலிகளை 1996-ல் உருவாக்கியபோது அவற்றின் கருக்களுக்கும் ஒற்றைக் கண். அப்போதுதான் ஐடஹோ ஆடுகள் நினைவுக்கு வந்தன. 1998-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஃபிலிப் பீச்சியின் குழு, சைக்ளோபமைன் அடைப்பது இதே பாதையைத்தான் என்று காட்டியது. பிறகு அது ஸ்மூதன்ட் என்ற ஒரே ஒரு புரதத்தில் போய் உட்காருகிறது என்பதும் தெரிந்தது. குர்குமினோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அது கண்டதோடெல்லாம் ஒட்டுகிறது. இது ஒரே பூட்டைத் தேடிப் போகிறது. மருந்து வேதியியலாளர்கள் ஆசைப்படுவது இரண்டாவது வகைக்கு.

இதே பாதை சில மூளைக் கட்டிகளில் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. குழந்தைகளுக்கு வரும் மெடுலோபிளாஸ்டோமாவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த வகை. 2007-ல் ஹாப்கின்ஸிலும் ஜெனீவாவிலும் தனித்தனியே வெளியான ஆய்வுகள், கிளையோபிளாஸ்டோமா ஸ்டெம் செல்களும் இந்தப் பாதையை நம்பியிருப்பதாகவும், சைக்ளோபமைன் கொடுத்தால் அவை தட்டில் புது உருண்டை உருவாக்கும் சக்தியை இழப்பதாகவும் காட்டின. செய்திகள் கொண்டாடின. நியாயமான கொண்டாட்டம்தான்.

சைக்ளோபமைனையே மாத்திரையாக்க முடியவில்லை. அது நன்றாகக் கரைவதில்லை, வயிற்று அமிலத்தில் உருமாறிவிடும். எனவே அதே புரதத்தில் போய் உட்காரும் புதிய மூலக்கூறுகளைச் செயற்கையாகச் செய்தார்கள். அவற்றில் விஸ்மோடெகிப் 2012-ல் ஒரு வகைத் தோல் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மூளையில்? 2009-ல் வெளியான ஒரு நோயாளியின் விவரம் புற்றுநோய் மருத்துவர்கள் பலருக்கும் மனப்பாடம். 26 வயது இளைஞர், மெடுலோபிளாஸ்டோமா உடம்பெங்கும் பரவிய நிலை. விஸ்மோடெகிப் ஆரம்பித்ததும் கட்டிகள் மளமளவென்று கரைந்தன. சில மாதங்களுக்குள் திரும்பி வந்தன. திரும்பிய கட்டியில் ஸ்மூதன்ட் புரதத்தின் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. மருந்து உட்கார வேண்டிய இடம் போய்விட்டது.

2014-ல் அதே டொராண்டோ டர்க்ஸின் குழு இன்னொரு அடி கொடுத்தது. இதே வகைக் கட்டியில் சாக்ஸ்2 என்ற அடையாளம் கொண்ட, அரிதாகவே பிரியும் ஒரு சிறு செல் கூட்டம் இருக்கிறது. ஹெட்ஜ்ஹாக் பாதையை அடைத்தாலும் அது சாவதில்லை. மற்றவை செத்த பிறகு அதுதான் கட்டியைத் திரும்ப எழுப்புகிறது. ஸ்டெம் செல்லைக் கொல்ல வந்த மருந்துக்கு ஸ்டெம் செல்லே தப்பிவிட்டது. கிளையோபிளாஸ்டோமாவில் நிலைமை இன்னும் மோசம்: நோய் திரும்பியவர்களுக்கு விஸ்மோடெகிப் தனியாகக் கொடுத்ததில் பலன் இல்லை. சிறுவர்களுக்கு வேறொரு விலையும் உண்டு. எலும்பு நீள்வதற்கும் அதே பாதை வேண்டும் என்பதால், இந்த மருந்து எலும்பின் வளர்ச்சித் தட்டுகளை முன்கூட்டியே மூடிவிடுகிறது. பிள்ளை உயரமாகாது. கருவில் கண்ணைக் கெடுத்த அதே குணம்தான் இது. மருந்தான பிறகும் அது மாறவில்லை.

ஏன் இப்படித் தப்புகின்றன என்பதற்கு 2019-ல் பாஸ்டனிலிருந்து ஒரு விளக்கம் வந்தது. மரியோ சூவாவின் குழு கிளையோபிளாஸ்டோமாவைச் செல் செல்லாகப் படித்தது. இந்தக் கட்டியின் செல்கள் நான்கு நிலைகளில் இருக்கின்றன, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறவும் செய்கின்றன என்றது. சிடி133 இல்லாத செல்லும் சில கட்டிகளை உருவாக்குவதை அதற்கு முன்பே வேறு குழுக்கள் காட்டியிருந்தன. ஆக, ஸ்டெம் செல் என்பது நிலையான ஒரு சாதியே இல்லை. எந்தச் செல்லும் போட்டுக்கொள்ளக்கூடிய வேடம். வேர் என்று ஒன்று இருக்கிறது, அதைப் பிடுங்கினால் போதும் என்ற 2004-ன் எளிமை இனி இல்லை.

இங்கேதான் தாவரப் பொருள்களின் ஆதரவாளர்கள் ஒரு நல்ல வாதம் வைக்கிறார்கள். ஒரே பூட்டை அடைத்தால் செல் வேறு கதவு வழியே போகிறது. ஒரே நேரத்தில் பத்துப் பாதைகளை லேசாகத் தொடும் குர்குமின் மாதிரிப் பொருள்தானே இதற்கு வேண்டும்? கேட்க நன்றாக இருக்கிறது, நானும் இதைக் கொஞ்ச காலம் யோசித்துப் பார்த்திருக்கிறேன். பத்துப் பாதைகளையும் தொடுவது 20 மைக்ரோமோலாரில். 0.15-ல் அது எத்தனைப் பாதைகளைத் தொடும் என்று யாரும் காட்டவில்லை. வாதம் மறுபடி அந்தக் கணக்கிலேயே போய் இடிக்கிறது.

மூளையின் வாசல்

அளவு குறைவதற்கு ஈரல் மட்டும் காரணமில்லை. மூளையின் நுண்குழாய்களின் சுவரில் செல்கள் இடைவெளியின்றி ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தப்பித் தவறி நுழையும் அந்நியப் பொருளை இரத்தத்துக்கே திருப்பித் தள்ளும் பம்புகளும் உண்டு. பி-கிளைக்கோபுரோட்டீன் அவற்றில் பேர்பெற்றது. செடிகள் தங்களைத் தின்ன வருபவர்களை விரட்டத் தயாரித்த நச்சுகளை வெளியே தள்ளத்தான் இந்தப் பம்பு வந்ததோ என்று நினைக்கும் அளவுக்கு, தாவரப் புற்று மருந்துகள் பல இதனிடம் தோற்கின்றன.

நம் ஊர் நித்தியகல்யாணியே நல்ல உதாரணம். கனடாவில் ராபர்ட் நோபிலும் சார்லஸ் பியரும், சர்க்கரை நோய்க்கு நல்லது என்று ஜமைக்காவிலிருந்து வந்த இலையைச் சோதிக்கப்போய், எலியின் இரத்த வெள்ளணுக்கள் சரிவதைக் கண்டார்கள். 1958-ல் அதிலிருந்து வின்பிளாஸ்டின் வெளிவந்தது, அடுத்து வின்கிறிஸ்டின். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் குணமாகும் நோயானதில் வின்கிறிஸ்டினுக்குப் பெரும் பங்கு. சுடுகாட்டு மல்லி என்று நாம் ஒதுக்கிய இந்தச் செடி தமிழ்நாட்டின் தென்மாவட்ட மானாவாரி நிலங்களில் பயிராகி ஏற்றுமதியானதும் அதனால்தான். மூளைக் கட்டியில் ஒலிகோடென்ட்ரோகிளையோமா என்ற வகைக்கு மூன்று மருந்துக் கூட்டு ஒன்று பல்லாண்டுகளாக வழக்கத்தில் இருக்கிறது; அதில் மூன்றாவது வின்கிறிஸ்டின். அது மூளைக்குள் சரியாக நுழைவதே இல்லை என்பதால் அந்த மூன்றாவது வேண்டுமா என்று மருத்துவர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். கைவிரல் மரத்துப்போவது மட்டும் உறுதி.

அதனால் இப்போது சிலர் புதிய பொருளைத் தேடுவதை விட்டுவிட்டு வாசலைத் திறக்கப் பார்க்கிறார்கள். எனக்கு நம்பிக்கை தருவது இந்தப் பக்கம்தான். சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஆடம் சோனபெண்டின் குழு, மண்டை ஓட்டில் ஒரு சிறு அல்ட்ராசவுண்ட் கருவியைப் பொருத்தியது. நரம்பு வழியே நுண்குமிழிகளைச் செலுத்தி, ஒலி அலையால் அவற்றை அதிரவைத்தால், இரத்தக் குழாய்ச் சுவர் கொஞ்ச நேரத்துக்குத் தளர்ந்து பிறகு மூடிக்கொள்கிறது. அந்த இடைவெளியில் யூ மரத்தின் பேக்லிடாக்சலை ஆல்புமின் என்ற இரத்தப் புரதத்தோடு பிணைத்து ஏற்றினார்கள். தட்டில் கிளையோபிளாஸ்டோமாவை மிகச் சிறிய அளவிலேயே கொல்லும், ஆனால் மூளைக்குள் போகாது என்று பல்லாண்டுகளாக ஒதுக்கி வைக்கப்பட்ட மருந்து இது. 2023-ல் வெளியான, 17 நோயாளிகள் பங்கேற்ற அந்த முதல் கட்ட ஆய்வில், கருவி எட்டிய பகுதியில் மருந்தின் செறிவு ஏறத்தாழ நான்கு மடங்கானது. ஆயுள் கூடுமா என்பதை இதைவிடப் பெரிய ஆய்வுதான் சொல்ல முடியும்.

பிரேசிலில் இன்னும் எளிய வழி ஒன்றை முயன்றார்கள். எலுமிச்சை இனப் பழத்தோல், லாவெண்டர் போன்றவற்றின் எண்ணெயில் இருக்கும் பெரில்லில் ஆல்கஹாலை 1990-களில் மாத்திரையாகக் கொடுத்தபோது, தேவையான அளவுக்கு விழுங்க வேண்டிய எண்ணிக்கையைக் குடல் தாங்கவில்லை. நிட்டெரோய் நகரத்தில் குளோவிஸ் ட ஃபொன்சேகா அதை மூக்கு வழியே ஆவியாக இழுக்க வைத்தார். மூக்கின் மேற்கூரையிலிருந்து மூளைக்கு நேரடிப் பாதை இருக்கிறது. இரத்தத்தையும் ஈரலையும் சுற்றிப் போக வேண்டியதில்லை. அதைச் சுத்திகரித்த வடிவம் அமெரிக்காவில் மருந்தாகச் சோதிக்கப்படுகிறது. நோய் திரும்பிய 12 பேர் தினம் நான்கு வேளை இழுத்த முதல் ஆய்வில் பாதிப் பேருக்கு மேல் ஓராண்டைத் தாண்டினார்கள். பன்னிரண்டே பேர், ஒப்பிட வேறு குழு இல்லை. இருந்தாலும் தொடர்ந்து பார்க்க வேண்டிய முயற்சி.

கஞ்சாவைச் சொல்லாமல் விட்டால் கேட்பார்கள். மாட்ரிட்டில் மனுவல் குஸ்மானின் குழு 2007-லேயே கஞ்சாப் பொருட்கள் கிளையோமாவின் (கிளையோபிளாஸ்டோமா சேர்ந்த மூளைக் கட்டி வகையின்) ஸ்டெம் செல்லை முதிரவைத்து அதன் பிரியும் சக்தியைக் குறைப்பதாக எழுதியது. பிரிட்டனில் டெமோசோலமைடோடு கஞ்சாச் சாறு ஸ்பிரேவைச் சேர்த்துப் பார்த்த 2021 ஆய்வில் ஓராண்டு பிழைத்தவர்கள் 83 சதவீதம், போலி ஸ்பிரே குழுவில் 44. கேட்டதும் நிமிர்ந்து உட்காரவைக்கும் எண்கள். ஆனால் ஒரு பக்கம் 12 பேர், மறு பக்கம் 9 பேர். அரிஸ்டோகிராட் என்ற பெயரில் பெரிய ஆய்வு அங்கே தொடங்கியது இதைத் தீர்க்கத்தான்.

இதற்கெல்லாம் நடுவே இன்று சிகிச்சையில் இருப்பவர் என்ன செய்வது? இயற்கைப் பொருள்தானே, பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லை என்று நினைப்பது இந்த விஷயத்தில் சரியல்ல. 2009-ல் லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வாளர்கள் பச்சைத் தேயிலையின் ஈஜிசிஜி போர்டெசோமிப் என்ற புற்று மருந்துக்கு உதவும் என்று எதிர்பார்த்துச் சோதித்தார்கள். அது மருந்தோடு நேரடியாகப் பிணைந்து, மருந்தைச் செயலற்றதாக்கியது. அவர்கள் சோதித்தவற்றில் கிளையோபிளாஸ்டோமா செல்களும் இருந்தன. மஞ்சள், அமுக்கரா கேப்சூல்களால் ஈரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் மருத்துவக் குறிப்புகள் சேர்ந்துகொண்டே வருகின்றன. ரசத்திலும் குழம்பிலும் போடும் மஞ்சளை யாரும் குறை சொல்லவில்லை. செறிவூட்டிய மாத்திரைதான் பிரச்சினை.

அந்த மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் இன்னொரு பொருளின் பெயரும் இருக்கும்: பைபரின், அதாவது மிளகின் காரம். பெங்களூரு புனித ஜான் மருத்துவக் கல்லூரியில் 1998-ல் 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைபரின் சேர்த்துக் கொடுத்தபோது இரத்தத்தில் குர்குமின் 20 மடங்கு கூடியது. அதிலிருந்து எல்லாக் கம்பெனிகளும் சேர்க்கின்றன. பைபரின் இதைச் செய்வது ஈரலின் சிதைக்கும் வேலையைத் தடுத்து. அப்போது குர்குமின் மட்டும் கூடுவதில்லை. மூளைக் கட்டி உள்ளவர்களுக்கு வலிப்பு வராமலிருக்க ஃபெனிடாயின் தருவது நம் மருத்துவமனைகளில் சாதாரணம். சண்டிகரில் வலிப்பு நோயாளிகளிடம் நடந்த 2006 ஆய்வில் அதே 20 மில்லிகிராம் பைபரின் ஒரு வேளை கொடுத்ததற்கே இரத்தத்தில் ஃபெனிடாயின் அளவு உயர்ந்தது. ஃபெனிடாயின் கொஞ்சம் கூடினாலே தலைசுற்றும், நடை தள்ளாடும், பேச்சு குழறும். கட்டி வளர்ந்தாலும் இதே அறிகுறிகள்தான். எனவே அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ஸ்கேன் ஃபிலிமோடு அந்த மஞ்சள் மாத்திரை டப்பாவையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள்.